யாருடையது, எங்கிருந்து வந்தது? அருங்காட்சியகப் படிப்பும் கல்வராயன் மலையடிவாரமும்

(கச்சிராயபாளையத்தில் கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பட்டம் வாங்கிய பிறகு என்ன படிப்பது என்று கேட்டால் நம் பக்கத்தில் வரும் பதில்கள் நான்கைந்துதான். பி.எட். படிக்கலாம், போலீஸ் தேர்வு எழுதலாம், குரூப் 4-க்கு உட்காரலாம், சென்னைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போகலாம். அவை எல்லாம் நல்ல வழிகள். அந்த வரிசையில் இன்னொரு வழியைச் சேர்க்கவே இன்று வந்திருக்கிறேன். அது அருங்காட்சியகவியல். கல்லூரி வட்டாரத்தில் மியூசியாலஜி என்பார்கள். பட்டப்படிப்புக்குப் பின் இரண்டாண்டு படிக்கும் முதுகலைப் படிப்பு.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைப்பதுதான் அருங்காட்சியக வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வேலையின் உயிர் எழுதி வைப்பதில் இருக்கிறது. இது யாருடையது, எங்கிருந்து வந்தது, யார் செய்தார், எதற்காகச் செய்தார், யார் கொடுத்தார் என்று எழுதி வைப்பதில் இருக்கிறது. எழுதுகிறவருக்கு அந்த மண்ணும் அந்தப் பேச்சும் தெரிந்திருந்தால்தான் அந்த எழுத்து முழுமை பெறும். அதனால்தான் கல்வராயன் மலையடிவாரத்துப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு வரவேண்டும் என்கிறேன்.

ஒரு புகைப்படம் மீட்ட சிலை

பக்கத்து ஊரான விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். விருத்தகிரீசுவரர் கோயிலில் சோழர் காலத்து அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஒன்று இருந்தது. அது களவு போய், கடல் கடந்து, 2004-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. விலை சுமார் மூன்று லட்சம் ஆஸ்திரேலிய டாலர். விற்றவர் நியூயார்க்கில் கலைப்பொருள் கடை நடத்திய சுபாஷ் கபூர். சிலை முறைப்படி கைமாறி வந்தது என்று காட்டும் போலிக் காகிதங்களும் கூடவே போயின.

அந்தக் காகிதங்களைத் தோற்கடித்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 1955-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஆட்களை அனுப்பிச் சிலைகளைப் படம் எடுத்து, ஊர், கோயில், தெய்வத்தின் பெயர், தேதி எல்லாவற்றையும் குறித்து வைத்து வந்தது. இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. 1974-இல் எடுத்த படத்தில் அந்த அர்த்தநாரீசுவரர் விருத்தாசலம் கோயிலில் நிற்கிறார். சிட்னியில் இருந்த சிலையின் ஒவ்வொரு சிதைவும் படத்தோடு ஒத்துப்போனது. அதற்குப் பிறகு யாராலும் மறுக்க முடியவில்லை. 2014 செப்டம்பரில் அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் புதுடெல்லிக்கு வந்து சிலையை ஒப்படைத்தார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசரும் அப்போதுதான் திரும்பினார். வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது.

படம் எடுத்தவர் திருடனைப் பிடிப்பதற்காக எடுக்கவில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்தார், அவ்வளவுதான். ஊரையும் தேதியையும் எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் படம் வெறும் படமாகவே இருந்திருக்கும். நாற்பது ஆண்டு கழித்து அந்தக் குறிப்பே சாட்சி சொன்னது.

உலகத்தின் இன்னொரு மூலையிலிருந்தும் ஒரு செய்தி. 2018 செப்டம்பர் 2 இரவு, பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவில் தேசிய அருங்காட்சியகம் தீப்பிடித்து எரிந்தது. இரண்டு கோடிப் பொருள்கள் இருந்த இடம் அது. பெரும்பகுதி சாம்பலாயிற்று. பழங்குடி மக்களின் பேச்சையும் பாட்டையும் பதிந்து வைத்திருந்த ஒலிநாடாக்களும் போயின. மறுநாளே அந்த நகரத்தில் அருங்காட்சியகவியல் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: 'நீங்கள் அங்கே எடுத்த படங்களை எல்லாம் எங்களுக்கு அனுப்புங்கள்.' ஆயிரக்கணக்கான படங்கள் வந்து குவிந்தன. பொருள் போன பிறகும் குறிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றியதே, அதுதான் இந்தப் படிப்பு தரும் பயிற்சி.

படிப்பு எங்கே, எப்படி?

இந்தியாவில் அருங்காட்சியகவியலுக்கு முதன்முதலில் தனித்துறை கண்டது பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம், 1952-இல். கல்கத்தா பல்கலைக்கழகம் 1959-இல் தொடங்கியது. இங்கிலாந்தில் இத்துறைக்குப் பேர்போன லெஸ்டர் பல்கலைக்கழகத் துறையே 1966-இல்தான் வந்தது. இந்த வகையில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் இல்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும் இத்துறை உண்டு. 1989-இல் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம் இப்போது இந்திய மரபுடைமை நிறுவனமாக நொய்டாவில் இயங்குகிறது. கலை வரலாறு, பொருள் பாதுகாப்பு, அருங்காட்சியகவியல் மூன்றுக்கும் அங்கே தனித்தனி முதுகலைப் படிப்பு உண்டு.

வரலாறு படித்தவர்களுக்கு மட்டுமான படிப்பு இது என்று நினைத்துவிடாதீர்கள். வேதியியல் படித்தவருக்கும் தாவரவியல் படித்தவருக்கும் கணினி படித்தவருக்கும் இதில் இடம் உண்டு. இரண்டாண்டில் என்ன கற்றுத்தருவார்கள்? பொருள் சேர்க்கும் முறை, பதிவேடு, பாதுகாப்பு, காட்சி அமைப்பு, பார்வையாளருக்குக் கற்பித்தல், நிர்வாகம், தொல்பொருள் சட்டங்கள். கூடவே சில மாதம் ஓர் அருங்காட்சியகத்தில் நேரடிப் பயிற்சி.

இவற்றில் பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பொருள் உள்ளே வந்தவுடன் அதற்கு ஒரு சேர்ப்பு எண் கொடுக்கிறார்கள். எந்த ஆண்டு வந்தது, அந்த ஆண்டில் எத்தனையாவது வரவு என்பது அந்த எண்ணிலேயே தெரியும்படி அமைப்பது வழக்கம். அந்த எண்ணைப் பொருளின் மேல் நேரடியாக எழுதக்கூடாது. மறைவான ஓர் இடத்தில் பாரலாய்டு பி-72 என்ற பிசினை மெல்லிதாகப் பூசி, காய்ந்த பிறகு அதன்மேல் மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சுக் கொடுக்க வேண்டும். நாளைக்கு அழிக்க வேண்டி வந்தால் பொருளுக்குச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம். செய்வதை எல்லாம் திரும்ப எடுக்கக்கூடியதாகச் செய்ய வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. நமக்குப் பின்னால் வருகிறவர் நம்மைவிட அதிகம் அறிந்தவராக இருக்கக்கூடும் என்ற பணிவு அந்த விதிக்குள் இருக்கிறது.

வேதியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் பாதுகாப்புக்கூடம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் எட்வர்டு பால்ஃபர் பொறுப்பில் தொடங்கியது. சென்னைக்காரர்கள் நெடுங்காலம் அதைச் 'செத்த காலேஜ்' என்றே சொன்னார்கள். ஆனால் உள்ளே உயிர்ப்பான ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. வெண்கலச் சிலைகளில் வெளிர்பச்சைப் பொடி பூத்து உலோகமே அரித்துப்போவதை அங்கே கண்டார்கள். மண்ணுக்குள் கிடந்தபோது சிலையில் ஏறிய குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தைத் தின்கிறது. தின்னத் தின்ன மீண்டும் அமிலம் பிறக்கிறது. இதைத் தடுக்கவே 1930-இல், எஃப். எச். கிரேவ்லி கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், வேதியியல் பாதுகாப்புக்கூடம் ஒன்றை அங்கே அமைத்தார்கள். எஸ். பரமசிவன் என்ற தமிழ் வேதியியலாளர் அதை வளர்த்தார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் சுண்ணப்பூச்சையும் வண்ணத்தையும் ஆராய்ந்தவரும் அவரே. பி.எஸ்சி. வேதியியல் படித்த பிள்ளைக்கு மருந்துக் கம்பெனியும் சாயப்பட்டறையும் மட்டுமே வழி என்று எண்ண வேண்டாம்.

அளந்தவர்களும் அளக்கப்பட்டவர்களும்

இந்தத் துறையின் வரலாற்றில் நெஞ்சை உறுத்தும் பக்கமும் உண்டு. அதையும் நீங்கள் தெரிந்துகொண்டு வரவேண்டும்.

எழும்பூரில் 1885 முதல் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் எழுதி 1909-இல் வெளியிட்டார். நம் மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றியும் அதில் உண்டு. பல செய்திகளை அவர் காப்பாற்றித் தந்திருக்கிறார், அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர் கையில் அளவுகோல் இருந்தது. மக்களின் தலை அகலத்தையும் மூக்கு நீளத்தையும் அளந்து, அந்த எண்களைக் கொண்டு மனிதர்களை வகைப்படுத்தினார். அளக்கப்பட்டவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அந்த ஏழு தொகுதிகளில் இடம் மிகக் குறைவு. அந்த அளவைகளின் மேல் கட்டிய இனக்கொள்கைகளை அறிவியலே பின்னாளில் தள்ளிவிட்டது.

உலகம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 1946-இல் உருவான பன்னாட்டு அருங்காட்சியகக் கழகம், 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடி, அருங்காட்சியகம் என்றால் என்ன என்பதற்குப் புதிய வரையறை தந்தது. எல்லோரையும் உள்ளடக்குவதும் சமூகங்களின் பங்கேற்போடு இயங்குவதும் அந்த வரையறைக்குள் வந்துவிட்டன. அமெரிக்காவில் 1990-இல் வந்த சட்டம், பூர்வகுடி மக்களின் முன்னோர் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் அவர்களிடமே திருப்பித்தர வழிசெய்தது. போபாலில் உள்ள இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகத்தில் பழங்குடி வீடுகளை அந்தந்த மக்களே வந்து தங்கள் கையால் கட்டியிருக்கிறார்கள்.

மலையில் பிறந்த ஒரு பிள்ளை பதிவேட்டின் முன்னால் பேனாவோடு உட்காரும் காலம் வந்துவிட்டது என்று இதனால்தான் சொல்கிறேன். சாமை குத்தும் உரலைப் பார்த்து 'மர உரல், உயரம் இத்தனை சென்டிமீட்டர்' என்று யாரும் எழுதிவிடலாம். அது எந்த மரம், எந்த மாதத்தில் வெட்டிய மரம், எந்த வீட்டுச் சீராக வந்தது, குத்தும்போது பெண்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை எழுத, அந்த உரலின் பக்கத்தில் வளர்ந்த ஆள் வேண்டும்.

நம் மாவட்டத்தில் என்ன இருக்கிறது?

2019 நவம்பரில் பிறந்த இளைய மாவட்டம் நம் கள்ளக்குறிச்சி. ஆனால் இங்கே கிடக்கும் பொருள்களின் வயது பெரிது.

திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை மலைக்குகையில், சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்று தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறது. சங்கப் பாடல்களில் படிக்கும் அதியமானும் அசோகரின் கல்வெட்டு சொல்லும் சதியபுத்திரரும் ஒரே குடி என்பதை அந்த ஒற்றை வரி நிலைநாட்டியது. இரண்டாயிரம் ஆண்டாக அங்கேயே இருந்த அந்த வரி 1981-இல்தான் அறிஞர் உலகுக்குத் தெரிந்தது.

கிழக்குத் தொடர்ச்சி மலை ஊர்கள் பலவற்றில் பிள்ளையார் கோயிலிலும் மரத்தடியிலும் வழவழப்பான கல்கோடரிகளை வைத்து வணங்குகிறார்கள். புதிய கற்கால மனிதன் தீட்டிய கருவிகள் அவை. சேர்வராயன் மலையில் இவற்றைச் சேகரித்த இராபர்ட் புரூஸ் ஃபூட், ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தைக் குறித்து வைத்தார். அவருடைய சேகரிப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அவர் மறைந்த பிறகு 1914-இலும் 1916-இலும் அதன் பட்டியல்கள் அச்சாயின. இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள் என்றால் இடக்குறிப்பு இருப்பதுதான் காரணம். ஆனால் இன்று நாம் செய்ய வேண்டியது வேறு. வழிபாட்டில் இருக்கும் கல்லை எடுத்து வரக்கூடாது. ஊராரின் சம்மதத்தோடு படம் எடுத்து, அளந்து, எழுதி, கல்லை அதன் இடத்திலேயே விட்டுவர வேண்டும். இருக்கும் இடத்தை இணையத்தில் போட்டுத் திருடர்களுக்கு வழிகாட்டவும் கூடாது. எதை வெளியே சொல்வது, எதைப் பதிவேட்டுக்குள் மட்டும் வைப்பது என்ற தெளிவும் இந்தப் படிப்பின் ஒரு பகுதி.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேரில் இருக்கும் யாளியும் வாகனங்களும் கதவு நிலையும் செய்யும் கைகள் நம்மிடையே இருக்கின்றன. எந்த உளிக்கு என்ன பெயர், எந்த மரத்தை எத்தனை நாள் உலர்த்துவது, அளவை எப்படிக் கணக்கிடுவது என்பதெல்லாம் அந்தக் கைகளோடு இருக்கிறது, தாளில் இல்லை. ஒரு சிற்பியோடு உட்கார்ந்து ஒரு முழுச் சிற்பம் உருவாகும்வரை படம் பிடித்து எழுதினால் அது ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குப் போதும்.

மலைமேல் சடையக்கவுண்டன், குரும்பக்கவுண்டன், ஆரியக்கவுண்டன் என்ற பெயர்களில் மூன்று ஜாகிர்கள், அதாவது தலைவர்கள் வரி வாங்கி ஆண்ட நிலப்பகுதிகள், இருந்தன. நாடு விடுதலை அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுக்குப் பிறகு, 1976-இல்தான் அந்த ஆளுகை முடிந்து மலை முழுதும் அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. அந்தக் காலத்தில் வரியாக எதைக் கொடுத்தார்கள், வழக்கை யார் தீர்த்தார்கள் என்பதை நேரில் கண்டவர்கள் இன்று அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களின் பேச்சைப் பதிவு செய்ய நமக்கு இருக்கும் காலம் குறுகியது. இதே கச்சிராயபாளையத்தில் கோமுகி அணை இருக்கிறது, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அணை கட்ட மண் சுமந்தவரின் நினைவும், ஆலைத் தொழிலாளியின் அடையாள அட்டையும், கரும்பு வெட்டும் கொடுவாளும் வரலாற்றுப் பொருள்களே. பழையது என்றால் சோழர் காலத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை.

வேலை கிடைக்குமா?

பெற்றோர்கள் மனத்தில் இந்தக் கேள்வி இருக்கும். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

அரசு அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக ஆள் எடுக்கிறார்கள். தொல்லியல், மானுடவியல், நாணயவியல், தாவரவியல், விலங்கியல், வேதியியல் என்று பிரிவுக்கு ஏற்பத் தகுதி மாறும். இடங்கள் குறைவு, அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. ஆகவே இந்த ஒரு வேலையை மட்டும் நம்பி யாரும் படிக்க வேண்டாம். ஒவ்வோர் அறிவிப்பிலும் கேட்கும் பட்டம் எது என்று முன்கூட்டியே பார்த்து, அதற்கேற்ற பாடத்தில் முதுகலையும் அருங்காட்சியகவியலில் பட்டமோ பட்டயமோ சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் காப்பாட்சியர் என்பது இத்துறையின் ஒரு வேலை மட்டுமே. பதிவேட்டை நிர்வகிப்பவர், பொருள் பாதுகாப்பாளர், காட்சி வடிவமைப்பாளர், பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கும் கல்வி அலுவலர், மின்பதிவு செய்பவர், ஆவணக்காப்பாளர் என்று பல வேலைகள் உண்டு. மத்திய அரசின் பெரிய அருங்காட்சியகங்களில் பொருள்களைக் கணினியில் ஏற்ற, புனேயின் சி-டாக் உருவாக்கிய 'ஜதன்' என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். கணினி படித்தவர்களுக்கு அங்கே வேலை உண்டு. தனியார் தரப்பில் முட்டுக்காட்டில் 1996 முதல் தட்சிணசித்ரா இயங்குகிறது. பெங்களூரில் 2023-இல் கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகம் திறந்தது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புனேயில் டாடா நிறுவனத்தின் ஆவணக் காப்பகம் போன்றவையும் இத்திறனைக் கேட்கின்றன. சிவகங்கை மாவட்டம் கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்த பிறகு, தோண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே காட்சிக்கூடம் அமைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வேகம் பெற்றிருக்கிறது.

கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக்குழுவின் நெட் தேர்வில் அருங்காட்சியகவியலும் பாதுகாப்பும் ஒரு பாடமாகவே இருக்கிறது. பொருள் பாதுகாப்புத் தொழில்நுட்பத்துக்கு லக்னோவில் தேசிய ஆய்வுக்கூடம் உண்டு. கல்வெட்டும் தொல்லியலும் கற்க, நம் மாநிலத் தொல்லியல் துறையே முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. வெளிநாட்டில் படிக்க நினைக்கும் பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. பிரிட்டனில் பொருள் பாதுகாப்பைப் பயிலச் சார்லஸ் வாலஸ் இந்திய அறக்கட்டளை உதவுகிறது.

தொடக்கச் சம்பளம் பல இடங்களில் சிறியது. ஒப்பந்த வேலையாகத்தான் முதலில் உள்ளே போக வேண்டியிருக்கும். வட இந்தியாவில் படிக்கப் போனால் மொழியும் குளிரும் முதல் ஆண்டில் வாட்டும். இவற்றை எல்லாம் தெரிந்துகொண்டே வாருங்கள். கைத்திறன் இரண்டு மூன்று சேர்த்துக்கொண்டவர் இந்தத் துறையில் சோர்ந்து நிற்பதில்லை. நல்ல படம் எடுக்கத் தெரிவது, ஆங்கிலத்தில் தெளிவாகக் குறிப்பெழுதுவது, தமிழியும் வட்டெழுத்தும் கிரந்தமும் வாசிப்பது, பெரியவர்களிடம் பொறுமையாகக் கேட்பது, இந்த நான்கையும் பட்டப்படிப்பின்போதே பழகிக்கொள்ளலாம். யாரும் தடுக்கப்போவதில்லை.

இன்றே தொடங்கலாம்

கடைசியாக ஒன்று கேட்கிறேன். சேர்க்கைக்குக் காத்திருக்க வேண்டாம். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருக்கும் பழைய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். மரக்கால், படி, குதிர், ஏர், பாட்டியின் காதணி, தாத்தாவின் நிலப்பட்டா எதுவானாலும் சரி. எண், ஊர்ப் பெயர், எதனால் செய்தது, நீளம், அகலம், செய்தவர் யார், யாரிடமிருந்து யாருக்கு வந்தது, என்னென்ன சேதம், சொன்னவர் பெயர், எழுதிய தேதி. சொன்னவர் அனுமதி தந்தாரா என்பதும் அதில் இருக்கட்டும். பொருளை அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஐம்பது பக்கம் நிரம்பினால் நொய்டாவிலோ பரோடாவிலோ நேர்முகத் தேர்வில் உட்காரும்போது, ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விக்கு அந்த நோட்டையே எடுத்து மேசைமேல் வைக்கலாம். இடம் கிடைத்தால் படித்துவிட்டு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் வேலைக்குப் போங்கள். இடம் கிடைக்காமலே போனாலும் அந்த நோட்டு வீணாகாது. நாளைக்கு இந்த மாவட்டத்துக்கென்று ஓர் அருங்காட்சியகம் எழும்போது அதன் பதிவேடு உங்கள் நோட்டுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம்மைப் பற்றி மற்றவர்கள் நூறாண்டுக்கு மேல் எழுதிவிட்டார்கள். அடுத்த தொகுதியை நீங்கள் எழுதுங்கள். அதற்கான தகுதி உங்களுக்கு இருக்கிறது என்று முழுமனதோடு நம்புகிறேன்.